பழைய ரம்பமும் பயனில் தீங்கும்

இருங்காட்டுக்கோட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் 1998ஆம் ஆண்டு ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. பேராலைகள் மட்டுமன்றி, வீட்டிலே தச்சுப்பட்டறை வைத்திருப்போரும் புதிய இயந்திரம் வாங்கும்போது பழையதை விற்பர். இவ்விற்பனையில் இல்லறத்தார் எண்ணிப் பார்க்க வேண்டிய அறம் ஒன்று உண்டு.

வட்ட ரம்பத்தின் பற்களை மறைக்கும் காப்பு மூடியும் அதன் பின்னால் நிற்கும் தகடும் உயிர்காப்பன. அறுபட்ட மரம் நெருங்கி ரம்பத்தைக் கவ்வாமல் தகடு தடுக்கிறது. அஃதில்லையேல் மரம் தொழிலாளியின் மீதே பாயக்கூடும். வேலைக்கு இடையூறென்று இவற்றைக் கழற்றி மூலையில் இடுவோர் உளர். இயந்திரம் விலைபோன பின்னும் அவை மூலையிலேயே கிடக்கின்றன.

"வாங்குபவர் பார்த்துத்தானே வாங்குகிறார்? விலையையும் குறைத்தோமே!" என்பர். குறைந்த விலையின் பயன் வாங்கும் முதலாளிக்கு. இழக்கும் விரலோ, பேரத்தின்போது அங்கில்லாத வேலையாளுக்கு.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பற்சக்கரம் முதலியவற்றுக்கு உரிய மூடலில்லாத இயந்திரத்தைத் தொழிற்சாலைக்கு விற்பவரையும் தண்டனைக்கு உரியவராக்கியது. வீட்டுப்பட்டறைக்கு அச்சட்டம் எட்டவில்லை, அறம் எட்டும்.

கோடரி, மண்வெட்டி போன்ற கருவிகளைப் பிறர்க்கு அளித்தலை ஹிம்சாதானம் என்று பெயரிட்டு, அநர்த்ததண்டமாகிய பயனில் தீங்குகளுள் வைத்தார் ஆசாரியர் சமந்தபத்திரர். தொழிலுக்குக் கருவி வேண்டும். காப்பு நீக்கிய கருவியால் எவர்க்கு என்ன பயன்?

ஆதலின், கழற்றியதைத் தேடிப் பூட்டுக. இல்லையேல் புதிது வாங்கிப் பூட்டுக. குறைகளை ஒளியாது கூறுக. அதுவும் இயலாதாயின் பழைய இரும்பாக எடைக்கு இடுக. அவ்விழப்பு நாம் ஏற்ற விரதத்தின் விலை.