பெயர் உதிர்ந்த பாட்டுகள்

சென்ற வருடம் மீலாத் விழா ஒத்திகையில் ஐந்தாம் தரத்துப் பிள்ளையொன்று ஒரு பாட்டைப் படித்தது. பயிற்சிக் கலாசாலையிலிருந்து வெளியேறி, பண்டாரவளைப் பக்கத்திலுள்ள எங்கள் சிறிய பாடசாலைக்கு வந்த புதிதில், சுமார் இருபது வருடங்களுக்கு முன், நான் எழுதி மெட்டுப் போட்டுக் கொடுத்த பாட்டு அது. மூன்றாவது அடியில் ஒரு சொல் மாறியிருந்தது. திருத்தினேன்.

"அப்படி இல்ல சேர். எங்க உம்மா இப்படித்தான் படிப்பாங்க."

"யார் எழுதின பாட்டு, தெரியுமா?"

"யாரும் எழுதல்ல சேர். அது பழைய பாட்டு."

சிரித்து வைத்தேன். ஆனால், அன்றிரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. பாட்டு பிழைத்துவிட்டதே என்ற சந்தோஷம் ஒரு பக்கம். நான் உயிரோடிருக்கும்போதே என்னைக் கழித்துவிட்டதே என்ற சின்னத்தனமான வருத்தம் மறுபக்கம்.

படைத்தவன் போன பின்னும் ஓர் இசை எதனால் நிற்கிறது? அதன் உயர்வினால் என்பது வழக்கமான பதில். எனக்கு அது போதவில்லை. ஜெர்மனியின் இசை மேதை பாக் 1750இல் இறந்தார். கிறிஸ்துவின் பாடுகளை மத்தேயு சுவிசேஷத்தின் வழியே பாடும் அவரது பெரும் படைப்பு, அதன் பின் பல்லாண்டு காலம் ஏறக்குறைய மறக்கப்பட்டே கிடந்தது. 1829இல் மெண்டெல்சன் என்ற இருபது வயது இளைஞர்தான் பெர்லினில் அதை மீண்டும் அரங்கேற்றினார். உயர்வு அந்தத் தாள்களில் அதுவரையும் இருந்ததுதானே? அது தனக்கு வேண்டும் என்று ஒருவர் எடுத்துப் பாட வேண்டியிருந்தது.

நாகூர் இ.எம். ஹனீபாவை எடுத்துக்கொள்வோம். 1925இல் பிறந்தவர், 2015 ஏப்ரலில் மறைந்தார். நோன்பு காலத்தில் வானொலியில் அந்தக் குரல் எழும்போது, கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்தபடி வாப்பா அசையாமல் இருப்பார். 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாட்டைத் தோட்டத்துக் கோவில் திருவிழா ஒலிபெருக்கியிலும் நான் கேட்டிருக்கிறேன். இறைவன் என்ற பொதுச்சொல் எல்லாருக்கும் கதவைத் திறந்து வைக்கிறது. சங்கீதம் பயிலாதவனுக்கும் அந்த மெட்டு வாயில் ஏறும். அவர் குரல் அவரோடு போனது, ஒலிப்பதிவில் இருப்பது அதன் நிழல். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் கீச்சுக் குரலில் அதைப் படிக்கும்போதுதான் பாட்டு நடமாடுகிறது.

அந்த வரிகளை எழுதியவர் ஆர். அப்துல் சலாம். ஆசிரியர் அறையில் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. நானே மிகவும் பிந்தித்தான் அறிந்துகொண்டேன். இலக்கியம் பேசுகிற நமக்கு இது வெட்கமான சங்கதி.

நமது தோட்டங்களுக்கு வந்தால் அந்த வெட்கம் இன்னும் பெரிது. கோப்பிக் கன்று நட்ட மலையில் கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்த ஒருத்தியின் பாட்டு இன்றும் மலையகத்தில் உண்டு. கோப்பி 1869இல் தொடங்கிய இலைநோயில் அழிந்தது. மலையெங்கும் தேயிலை வந்தது. கோப்பிச் செடியையே கண்டிராத பெண்கள் கொழுந்துக் கூடையோடு அந்தப் பாட்டைத் தங்கள் இழவுக்கும் பாடினார்கள். அவர்களுக்கும் பறிகொடுத்த அண்ணன்மார் இருந்தார்கள். சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) லயம் லயமாகப் புழங்கிய இத்தகைய பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால், பலவற்றை நாம் அச்சில் பார்த்திருக்கவே மாட்டோம். பாட்டுகள் தப்பின. கட்டியவள் பெயர் மட்டும் இல்லை.

இங்கேதான் நான் தடுமாறுகிறேன். பாட்டு பொதுச்சொத்தாகி, பெயர் தானாக உதிர்வது ஒன்று. கேட்கத் தகுந்த ஆளாக அவளை எவரும் எண்ணாததால் பெயர் எழுதப்படாமலே போவது வேறொன்று. முன்னதைப் பாட்டின் வெற்றி என்று சொல்லலாம். பின்னதையும் அதே வாயால் வெற்றி என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. 'நாட்டார் பாடல்' என்று தலைப்பிட்டு வகுப்பில் நடத்தும்போது, அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு நாளாவது பிள்ளைகளிடம் கேள்வி எழுப்பியிருக்கிறேனா? இல்லை. எனது ஒரு மீலாத் பாட்டுக்கு மட்டும் தூக்கம் கெட்டது.

விழாவன்று அந்தப் பிள்ளை தன் உம்மாவின் சொல்லையே படித்தது. நான் எதுகைக்காகப் போட்ட சொல்லைவிட அது நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பழைய கொப்பியைத் தேடியெடுத்து, என் சொல்லை வெட்டிவிட்டு அதை எழுதினேன். பக்கத்தில் அந்த உம்மாவின் பெயரையும் எழுத நினைத்தபோதுதான், அவர் என்னிடம் படித்தவர் என்பது தெரிந்தும், பெயர் ஞாபகத்தில் இல்லை என்பது உறைத்தது. மறுநாள் இடாப்பைப் புரட்டிக் கண்டுபிடித்தேன்.