மூன்றாமவரின் காது

ஓசூரில் 'சைலன்சர்' என்று சொன்னால் யாருக்கும் துப்பாக்கி நினைவுக்கு வராது. வண்டியின் பக்கவாட்டில் கறுத்துத் தொங்கும் குழாய்தான் சைலன்சர். 1980இல் டி.வி.எஸ். 50 பிறந்த ஊர் இது. சைலன்சர் ஓட்டையானால் தெருவே திரும்பிப் பார்க்கும், வெல்டிங் கடையில் ஒரு ஒட்டு வைத்தால் தெரு அதன் வேலையைப் பார்க்கப் போகும். அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருப்பது எனக்கும் சினிமா வழியாக மட்டுமே தெரிந்திருந்தது, என் மேஜைக்கு இரண்டு டிராயிங் வரும்வரை.

சிப்காட்டில் ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் தரப் பரிசோதகனாக இருக்கிறேன். நான்கு சி.என்.சி. லேத், ஒரு வி.எம்.சி., பத்துப் பதினைந்து பேர். பெரிய கம்பெனிக்குச் சாமான் கொடுப்பவருக்குச் சாமான் கொடுப்பவருக்கு நாங்கள் சாமான் கொடுக்கிறோம். எங்கள் உருப்படி எந்த வண்டியில் எங்கே உட்காருகிறது என்று பல நேரம் எங்களுக்கே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. டிராயிங்கில் அளவு இருக்கும், எத்தனை மைக்ரான் விலகலாம் என்று இருக்கும், கேஜ் உள்ளே போக வேண்டிய இடத்தில் போய், போகக் கூடாத இடத்தில் நின்றால் உருப்படி 'ஓகே'.

அந்த இரண்டு டிராயிங்கும் பெங்களூரு பக்கத்து இடைத்தரகர் ஒருவர் வழியாக விலை கேட்டு வந்தவை. பெயர்: 'அடாப்டர் 1', 'அடாப்டர் 2'. வாங்குபவர் பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலி. முதலாவது, உள்ளே திரெட், வெளியே பூட்டுப் பற்கள், நடுவில் நேராக ஒரு துளை. இரண்டாவது, சின்ன பிஸ்டன், அதைச் சுற்றி ஒரு ஸ்பிரிங். விரல் நீளச் சாமானுக்கு ரன்அவுட் அவ்வளவு இறுக்கமாகக் கேட்டிருந்தது உறுத்தியது. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்குப் புரிந்துவிட்டது. ஒன்று ரைஃபிளில் சைலன்சர் மாட்டுவதற்கு, மற்றது பிஸ்டலில் மாட்டுவதற்கு.

ஏன் இரண்டு வேண்டும் என்பதே அழகான இயந்திரவியல் கேள்வி. ரைஃபிளின் குழல் உடம்போடு அசையாமல் இறுக்கப்பட்டிருக்கும். அங்கே கேள்வி உறுதி பற்றியது: சூட்டில் தளரக் கூடாது, கழற்றி மாட்டினாலும் அதே இடத்தில் உட்கார வேண்டும். நேரடியாகத் திரெட்டில் முறுக்கலாம், அல்லது குழல் முனையில் நிரந்தரமாக ஒரு துண்டை விட்டுவிட்டு அதன்மேல் பூட்டலாம். முன்னது எளிமை, எடை குறைவு. பின்னது வேகம், ஆனால் விலையும் எடையும் கூடும். பெரும்பாலான பிஸ்டல்களின் கதை வேறு. சுட்டதும் குழலே சற்றுப் பின்வாங்கிச் சாய்ந்தால்தான் அடுத்த குண்டு ஏறும். அதன் நுனியில் எடையைத் தொங்கவிட்டால் அந்த அசைவு நின்றுபோகும். அதனால் ஒரு கணம் அந்த எடையைக் குழலிலிருந்து பிரித்து வைக்க ஸ்பிரிங்கும் பிஸ்டனும் வேண்டும். இரண்டிலும் பொதுவான விதி ஒன்றுதான்: அச்சு விலகக் கூடாது. மாட்டும் இடத்தில் இம்மியளவு கோணம் பிசகினால் அது நீளத்தோடு வளர்ந்து, குண்டு உள்சுவரில் போய் உரசும்.

வெட்கத்தோடு சொல்கிறேன், அதைப் புரிந்துகொண்டபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். 'நம்மால இதைச் செய்ய முடியும்' என்ற சந்தோஷம். கேள்வி பிறகுதான் வந்தது.

காலையில் ஓனரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். யோசித்துவிட்டுச் சொன்னார்: "நாம துப்பாக்கியா செய்யறோம்? ஒரு நட்டு செய்யறோம். நாம செய்யலைன்னா பீன்யாவுல எவனோ செய்வான்."

இதற்குச் சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் துப்பாக்கி என்பதை வரையறுக்கும்போதே, சுடும் சத்தத்தையோ ஒளியையோ குறைக்கும் துணைப்பொருளையும் அதற்குள் சேர்த்துவிடுகிறது. துப்பாக்கியின் பாகங்களும் அப்படியே. அதாவது, சட்டத்தின் கண்ணில் சைலன்சரும் துப்பாக்கி. உரிமம் இல்லாமல் செய்வது சிறை. உரிமத்தோடு செய்வது தொழில். 2019இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் எங்கள் ஊரும் ஒன்று. திருச்சியில் 1960களிலிருந்து அரசே ரைஃபிள் செய்கிறது. ஆக, கேள்வி சட்டத்தோடு முடிந்துவிடலாம்: பேப்பர் இருந்தால் செய், இல்லாவிட்டால் விடு.

ஆனால் எனக்கு முடியவில்லை. உரிமம் இருந்தாலும் கேட்டே ஆக வேண்டிய ஒன்று மிச்சம் இருந்தது. துப்பாக்கி செய்வதைவிட அதன் சத்தத்தை அடக்குவது ஏன் எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது? குண்டுதானே கொல்கிறது?

முதலில் சினிமாப் பொய்யைக் கழித்துவிடுவோம். சைலன்சர் மாட்டினால் 'ப்ஸ்ஸ்' என்று காற்றுப் போகும் சத்தம்தான் வரும் என்பது கதை. ரைஃபிள் வெடிக்கும் சத்தம் 160 டெசிபலைத் தொடும். நல்ல சைலன்சர் அதில் இருபத்தைந்து, முப்பது டெசிபல் குறைக்கும். மிச்சமே காதைத் துளைக்கும். ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டு காற்றைக் கிழிக்கும் சத்தத்தை எந்தச் சைலன்சராலும் அடக்க முடியாது. பின்லாந்து, நார்வே மாதிரி நாடுகளில் வேட்டைக்காரர்கள் இதைச் சாதாரணமாகப் பயன்படுத்துகிறார்கள். தங்கள் காதும் நாயின் காதும் கெடாமல் இருக்க, பக்கத்து வீட்டுக்காரர் தூங்க. அங்கே அது நாகரிகம்.

இதன் வரலாறும் காதில்தான் தொடங்குகிறது. ஹைரம் மாக்சிம் 1884இல் தானியங்கி இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தார். அதைச் சுட்டுச் சுட்டே தன் செவியை இழந்தார். அவருடைய மகன் ஹைரம் பெர்சி மாக்சிம் 1909இல் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார். அதே தத்துவம் மோட்டார் வண்டிக்கும் பொருந்தியது. அப்பன் உலகத்துக்குச் சத்தம் கொடுத்தான், பிள்ளை அதை அடக்கப் பார்த்தான். டி.வி.எஸ். 50இன் குழாயும் என் மேஜையில் கிடந்த டிராயிங்கும் ஒருவகையில் பங்காளிகள்.

என் அப்பாவுக்கும் காது கேட்காது. இருபத்தாறு வருஷம் பிரஸ் ஷாப்பில் வேலை. தகடு வெட்டும் சத்தம் அடித்து அடித்து, இப்போது பேரன் கூப்பிட்டால் உதட்டைப் பார்க்கிறார். சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் அறிவிக்கப்பட்டிருந்த தொழில்நோய். அட்டவணையில் இருந்தது அப்பாவுக்குத் தெரியாது. காது அடைப்பான் டிராயரில் இருந்தது, ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் வெளியே வரும். ஆகவே, சத்தத்தை அடக்கும் கருவியைப் பார்த்து 'பாவம்' என்று சொல்ல என் குடும்பத்தில் யாருக்கும் அருகதை இல்லை.

அப்படியென்றால் எது உறுத்துகிறது? விடை மேலகிரிப் பக்கத்திலிருந்து வந்தது. அம்மாவின் ஊர் தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, காட்டோரம். இன்று காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் இருக்கும் மலைகள். யானை ராகிக்காட்டில் இறங்கினால் தகரம் தட்டுவார்கள், வெடி போடுவார்கள். அங்கே சத்தம் ஒரு மொழி. யானைக்கும் மனுஷனுக்கும் நடுவில் அதுதான் பேச்சு. ராத்திரியில் தூரத்தில் ஒரு நாட்டுத் துப்பாக்கி வெடித்தால் பாட்டி எழுந்து உட்காருவாள். "எவனோ எதையோ அடிச்சிட்டான்" என்பாள். அவ்வளவுதான். ஆனால் காலையில் அது ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும், வனக்காவலர் காதுக்கும் போகும். சுட்டவனுக்கும் அது தெரியும். அந்தச் சத்தம் அவனுக்கு எதிரான முதல் சாட்சி.

குண்டு இரண்டு பேருக்கு இடையில் நடக்கிறது: சுடுபவன், சுடப்படுவது. சத்தம் மூன்றாமவருக்குப் போகிறது. எழுந்து உட்கார்ந்த பாட்டிக்கு. சுடுபவனின் காதைக் காப்பாற்றும் அதே உருப்படி, பாட்டி எழுந்து உட்காருவதையும் பறிக்க முடியும். இரண்டுக்கும் ஒரே திரெட், ஒரே ஸ்பிரிங், ஒரே மைக்ரான். என் கேஜால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. பிரிப்பது யார் வாங்குகிறார், எதற்கு வாங்குகிறார் என்ற தகவல் மட்டும்தான். டிராயிங்கில் காலியாக இருந்ததும் அந்தக் கட்டம்தான்.

இங்கேதான் எனக்கு விளங்கியது. அந்த டிராயிங்கே ஒரு சைலன்சர். 'அடாப்டர்' என்ற பெயர் உருப்படியின் சத்தத்தை அடக்கிவிட்டது. மூன்றாமவர் என்பது இந்தமுறை நான்.

நார்பர்ட் வீனர் என்ற கணித மேதை, ஏவுகணை வேலைக்காகத் தன் ஆய்வுக் கட்டுரையைக் கேட்ட ஆய்வாளருக்குத் தர மறுத்து, அந்த மறுப்பை 1947இல் பத்திரிகையிலும் வெளியிட்டார். பெரிய காரியம். ஆனால் அவருக்குப் பின்னால் எம்.ஐ.டி.யின் நாற்காலி இருந்தது. எங்கள் ஓனருக்குப் பின்னால் மெஷின் லோனின் மாதத் தவணை இருந்தது. மறுப்பு என்பது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை.

நான் மறுக்கச் சொல்லவில்லை. "வாங்கறவங்க பேரும், உரிம நகலும் கேளுங்க சார். கொடுத்தா செய்வோம்" என்றேன். ஓனர் என்னை முறைத்தார். பிறகு போன் எடுத்துக் கேட்டார். மறுமுனையில் சிரிப்பு. "நீங்க ரேட் சொல்லுங்க சார், அது போதும்." இவர் இன்னொரு தடவை கேட்டார். அதன் பிறகு அந்தப் பக்கமிருந்து போன் வரவில்லை.

இதை ஒரு வெற்றிக் கதையாக முடிக்க எனக்கு விருப்பமில்லை. அந்த மாதம் மூன்றாம் நம்பர் லேத் பாதி நாள் சும்மா நின்றது. அதை ஓட்டும் பையன் ராயக்கோட்டைக்காரன், அக்கா கல்யாணத்துக்குக் கடன் வாங்கியவன். அவனுக்கு ஓவர்டைம் போனது. என் மனசாட்சிக்கு அவன் பணம் கட்டினான், அவனிடம் கேட்காமலே. டீ குடிக்கும்போது அவனிடம் உண்மையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த ஜாப் வந்திருந்தா நான்தாண்ணா ஓட்டியிருப்பேன்?" என்றான். ஆமாம் என்றேன். "அப்ப என்னையும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றான்.

அவன் எந்தப் பக்கம் நின்று கேட்டான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அவன் கேட்டது சரி. மலையடிவாரத்துப் பாட்டியின் காதுக்காக வாதாடிய நான், பக்கத்து மெஷினில் நின்ற காதை மறந்துவிட்டேன்.

இப்போது எங்கள் யூனிட்டில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. ஓனரே கொண்டுவந்தது. புது டிராயிங் வந்தால் ஓரத்தில் பென்சிலால் 'இது என்ன?' என்று எழுதி வைக்கிறோம். பதில் வந்த பிறகுதான் முதல் உருப்படி. பதிலை ஓட்டுகிறவனிடமும் சொல்கிறோம். பெரும்பாலும் பிரேக் பின், பம்ப் புஷ், ஏதோ ஒரு வால்வு. அந்த இரண்டு அடாப்டர்கள் பீன்யாவிலோ வேறெங்கோ நன்றாகவே உருவாகியிருக்கலாம். உரிமம் உள்ளவர் கைக்கே போயிருக்கவும் கூடும். நகல் வந்திருந்தால் நானே அளந்து 'ஓகே' போட்டிருப்பேன். அச்சு விலகாமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வாரம் அப்பாவுக்குக் காதுக் கருவி மாட்டினோம். முதல் நாள் தெருவில் ஓட்டை சைலன்சரோடு ஒரு டி.வி.எஸ். போனது. நாங்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்தோம். அப்பா மட்டும் வாசலுக்குப் போய், அது திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.