ஓலை காட்டிய இறைவன்

சென்னை ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் எச்-1பி வேலை விசா ஸ்டாம்பிங்குக்கு நாள் கிடைத்ததும் கோப்பு சேர்க்கும் வேலை தொடங்கிவிடுகிறது. ஐ-797 அனுமதி அறிவிப்பு, டிஎஸ்-160 விசா விண்ணப்பத்தின் உறுதிப் பக்கம், நிறுவனத்தின் கடிதம், சம்பளச் சீட்டுகள், பட்டச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட் என்று தாள்கள் சேரச் சேர, ஒழுங்காகப் படித்து உழைத்தவர் மனத்தில் ஒரு வருத்தமும் சேர்கிறது: என் சொல் போதாதா? சான்று கேட்பது ஒரு மனிதரின் வாய்மையைச் சந்தேகிப்பதுதானே? இந்தக் கேள்வியை நம் சமய மரபு என்றோ எதிர்கொண்டிருக்கிறது. சான்று கேட்பது அவமதிப்பு ஆகாது என்பதே அங்கே கிடைக்கும் விடை. அதுவே சரியென்றும் நான் நினைக்கிறேன்.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில், சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு முதிய வேதியராக வரும் சிவபெருமான், மணமகன் தனக்கு வழிவழி அடிமை என்கிறார். சுந்தரர் அவர் காட்டிய ஓலையைப் பறித்துக் கிழித்துவிட, வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையோர் முதியவரின் வயதுக்கும் தோற்றத்துக்கும் இணங்கித் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. வழக்கம், ஆவணம், கண்டவர் சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறார்கள். கிழிபட்டது படியோலைதான், மூல ஓலை வெளியே வருகிறது. அதிலுள்ள எழுத்தைச் சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அவை முடிவுக்கு வருகிறது. எல்லாம் அறிந்த இறைவனே ஆனாலும், தன்னை அறியாதவர்கள் முன் நிற்கும்போது அவர்களுக்கு எட்டும் அளவையால்தான் தன் உரிமையை நிறுவுகிறான். நம்மை அறியாத ஒருவர் நம் சொல்லை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. அவருக்குச் சான்று தருவது அவருக்கு நாம் செய்யவேண்டிய நியாயம்.

வெண்ணெய்நல்லூர் அவையும் விசா ஜன்னலும் ஒன்றா என்று கேட்கலாம். நிச்சயமாக இல்லை. அங்கே இரு தரப்பும் ஊரறியப் பேசின. இங்கே அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 291ஆம் பிரிவு மெய்ப்பிக்கும் பொறுப்பு முழுவதையும் விண்ணப்பதாரர் மேல் வைக்கிறது. பேச்சு பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அதிகாரியின் முடிவை அந்நாட்டு நீதிமன்றங்கள் பொதுவாக மறு ஆய்வு செய்வதில்லை. 2024இல் முனியோஸ் வழக்கிலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே நிலையை உறுதிசெய்தது. இதில் அநீதிக்கு இடமிருக்கிறது; அதைக் கண்டிப்பதே முறை. ஆனால் அந்த அநீதி, கொண்டுவந்த சான்றைப் பாராமல் விடுவதிலும் மறுக்கப்பட்டவருக்கு முறையிட இடமில்லாததிலும் இருக்கிறது; சான்று கேட்டதில் இல்லை. கோப்பு சாட்சி சொல்வதும் வேலை, படிப்பு, சம்பளம் பற்றி மட்டுமே. விசா இப்போதைக்கு இல்லை என்று சொல்லும் 221(ஜி) தாளைக் கையில் வாங்கியவர் தம் வாழ்க்கைக்கே எதிராகத் தீர்ப்பு வந்ததாகக் கலங்க வேண்டியதில்லை.

இதைவிட நுட்பமான மறுப்பு ஒன்று உண்டு. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே. இல்லாத இரண்டு ஆண்டு அனுபவத்தைச் சேர்த்து ஒரு கடிதம் வாங்கினால் யாருக்கு என்ன கெடுதி? வள்ளுவர் இட்ட நிபந்தனை கடுமையானது: அந்த நன்மையில் மாசு இருக்கக் கூடாது. எச்-1பிக்கு ஆண்டு வரம்பு 65,000. அமெரிக்காவில் முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு மேலும் 20,000. கேட்பவர்கள் அதைவிட அதிகம் என்பதால்தான் குலுக்கல் நடக்கிறது. பொய்யால் ஒருவர் பெறும் இடம், உண்மை சொன்ன இன்னொருவர் இழந்த இடமாக இருக்கலாம். ஹைதராபாத் அருகே சில்கூர் பாலாஜியை 11 முறை வலம் வந்து விசா வேண்டுவதில் எந்தக் குறையும் இல்லை. பொய்க் கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டு வேண்டுவது, அந்தத் தெய்வத்தையும் பொய்ச்சாட்சிக்குக் கூப்பிடுவது. சட்டமும் இதை லேசாக விடுவதில்லை: முக்கியமான உண்மையைத் தெரிந்தே திரித்தவருக்கு அந்நாட்டின் கதவு ஆயுள் முழுக்க அடைபடலாம்.

ஆகவே டிஎஸ்-160ஐ ஏஜென்ட்டே நிரப்பினாலும், சமர்ப்பிக்கும் முன் ஒவ்வொரு தேதியையும் உங்கள் கடிதங்களோடு ஒப்பிட்டுப் படியுங்கள். இவையெல்லாம் உண்மை என்று கையொப்பமிடும் பொத்தானை விண்ணப்பதாரர்தான் அழுத்த வேண்டும் என்பது விதி.