பழக்குதலும் வசக்குதலும்

அடிப்பவனை வெறுக்கலாம், தீனி கொடுத்தே வழிக்குக் கொண்டுவருபவனை வெறுக்கவும் முடியாமல் போகிறது. தண்டனையை விலக்கிய நாய்ப் பயிற்சிமுறை பற்றி நண்பர் ஒருவர் எழுப்பிய ஆட்சேபம் இது. ஆட்சேபம் நாயோடு நிற்பதில்லை. சுதந்திரத்தையும் கண்ணியத்தையும் கடந்துபோகச் சொல்லி பி. எஃப். ஸ்கின்னர் 1971இல் எழுதிய புத்தகத்துக்கு எழுந்த எதிர்ப்பிலும் இந்தக் குரல் உண்டு. ஊக்கத்தொகை அறிவிப்பு வந்த மறுநாள் வங்கியில் எங்கள் முகங்களைப் பார்த்தவர்கள் இதை லேசாக ஒதுக்கிவிட மாட்டார்கள்.

ஜெர்மன் போலீஸ் அதிகாரி கொன்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய கையேட்டிலிருந்து நெடுங்காலம் நாய்ப் பயிற்சி நிர்ப்பந்தத்தின் மேலேயே நின்றது. ஸ்கின்னர் 1951இல் ஒரு கட்டுரையில் வேறு வழி காட்டினார். 'டிக்'கென்று சப்தமிடும் ஒரு பொம்மை, கொஞ்சம் தீனி. சப்தம் வந்தால் தீனி வரும் என்று நாய்க்குப் பிடிபட்ட பின், வேண்டிய அசைவு நிகழும் அந்தக் கணத்திலேயே சப்தம். அவ்வளவுதான். வீட்டில் நாய் வளர்ப்பவர்களிடம் இது பரவ 1984இல் கேரன் ப்ரையரின் புத்தகம் வரவேண்டியிருந்தது.

வீட்டில் ஒரு காக்கர் ஸ்பானியல் வளர்வதால் இதை வெறும் தத்துவச் சிக்கலாக விட்டுவிட எனக்கு வசதிப்படவில்லை. நாய் பழக்குபவர் என்று போர்டு மாட்டிக்கொள்ளப் பரீட்சை ஏதும் கிடையாது. வந்த இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: கூப்பிட்டு வராவிட்டால் என்ன செய்வீர்கள்? முதலாமவர் பையிலிருந்து சோக் செயினை எடுத்துக் காட்டினார். "திமிர் சார். ஆறே வாரம், அடங்கிடும்." மற்றவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்கே நின்னு கூப்பிட்டோம்னு பார்ப்பேன். தூரம் ஜாஸ்தியா இருக்கும். இல்லேன்னா அங்கே நம்மைவிட சுவாரஸ்யமா எதுவோ இருக்கும்."

ஆக, வேற்றுமை சங்கிலிக்கும் வேகவைத்த கோழி ஈரலுக்கும் இடையில் இல்லை. தவறு யார் கணக்கில் பற்று வைக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. ஒருவருக்கு நாயின் மறுப்பு குற்றம். மற்றவருக்கு அது தகவல். தன் ஏற்பாட்டைத் திருத்திக்கொள்ளச் சொல்லும் தகவல். ஈரலும் அதிகாரம்தான். சோறும் கதவும் என் கையில் இருக்கும்வரை சமத்துவம் பேசுவது பாசாங்கு. ஆனால் மறுப்பைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிற அதிகாரமும், மறுப்பே இல்லாமல் செய்துவிடுகிற அதிகாரமும் ஒன்றல்ல.

மறுப்பு எத்தனை ஆழத்திலிருந்து வருகிறது என்பதை ஸ்கின்னரின் மாணவர்களே கண்டார்கள். ப்ரீலண்ட் தம்பதி 1961இல் எழுதிய கட்டுரையில் ஒரு ரக்கூன் வருகிறது. நாணயத்தைப் பெட்டியில் போட்டால் தீனி. இரண்டு நாணயம் கொடுத்ததும் அது போடாமல் கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தது. (காசாளர் கூண்டில் உட்கார்பவனுக்கு இது அந்நியமான காட்சியல்ல.) கூலி கொடுத்தும் ஸ்வபாவத்தை விலைக்கு வாங்க முடியவில்லை.

ஸ்பானியலின் ஸ்வபாவம் மூக்கு. புதரில் மூக்கை நுழைத்துப் பறவையைக் கிளப்புவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம். எங்கள் தெருவில் புதருக்குப் பதில் பெருச்சாளி வளை. இரண்டாமவர் மூக்கோடு சண்டைக்குப் போகவில்லை. கூப்பிட்டு வந்தால் ஈரல் வேண்டாம், மறுபடி வளைக்கே போக விடுங்கள் என்றார்.

மாட்டை வசக்குவது என்போம். அதில் வேலை முழுதும் ஒரு பக்கம். பழக்குவது என்பது பழகுவதிலிருந்து பிறந்த சொல்; பழகுவதற்கு இருவர் வேண்டும்.

நண்பர் இதற்கும் ஒப்பவில்லை. "ஈரல் போதாமல் இப்போது அதன் மூக்கையே அதற்குக் கூலியாகக் கொடுக்கிறீர்கள்" என்றார். சரிதான். வளையருகே கூப்பிட்டால் ஐந்துக்கு மூன்று தடவை வருகிறது. மற்ற இரண்டு தடவை நான் நடந்துபோய்ப் பக்கத்தில் நிற்கிறேன்.