தண்ணீர் கொடுத்தவர் கடமை

தாகித்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பது புண்ணியம் என்பதில் எந்தச் சமயத்தாருக்கும் பேதமில்லாதபடியால், அந்தப் புண்ணியத்தைச் செய்தவரிடமே போய்க் கணக்குக் கேட்பது சற்று அநாகரிகமாகத்தான் தோன்றும். வங்காளதேசத்துக் குழாய்க் கிணறுகளின் சரித்திரமோ அந்த அநாகரிகத்துக்கு நம்மை நிர்ப்பந்திக்கிறது.

குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் பேதியாலும் காலராவாலும் மடிந்துகொண்டிருந்த அந்நாட்டுக் கிராமங்களில், 1970-களில் அரசாங்கமும் யூனிசெஃப் ஸ்தாபனமும் சேர்ந்து கைபம்பு பொருத்திய கிணறுகளை இறக்க, கிருமியற்ற நீர் வீட்டு முற்றத்திலேயே கிடைக்கும் சௌகரியத்தைக் கண்ட ஜனங்கள் பின்னர்த் தங்கள் சொந்தக் காசிலேயே லட்சக்கணக்கில் அவற்றை அமைத்துக்கொண்டார்கள். அந்த நீரில் ஆர்சனிக் இருந்தது. நம் வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று அஞ்சியஞ்சிக் கையாண்ட அதே வஸ்துவின் மூலம். இமயத்திலிருந்து நதிகள் கொண்டுவந்து படியவிட்ட வண்டலில் இரும்போடு ஒட்டிக்கிடந்து நிலத்தடி நீரில் கசிந்த அந்த நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் காய்த்துத் தடிக்கவே பல வருஷங்கள் செல்லும். புற்றுநோய்க்கு அதைவிட அவகாசம் வேண்டும். 12.5 கோடி ஜனத்தொகையில் 3.5 கோடியிலிருந்து 7.7 கோடிப் பேர் வரை இந்த அபாயத்துக்கு உட்பட்டிருக்கக்கூடும் என்று, உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் 2000-இல் வெளிவந்த கட்டுரையொன்று மதிப்பிட்டது.

பிழைத்த குழந்தைகளை ஒரு தட்டிலும் நோயுற்றவர்களை மறு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்த்து, லாபமே அதிகம் என்று தீர்ப்புச் சொல்வோர் உண்டு. ஐந்து வயதில் பேதிக்குத் தப்பியவனே நாற்பது வயதில் கை வெடித்து நிற்பானானால், அவனை எந்தத் தட்டில் வைப்பது?

அறியாமல் செய்த தீங்குக்குத் தண்டனை விதிப்பது நியாயமன்று. கிணறுகள் இறங்கிய நாளில், குடிநீரில் ஆர்சனிக்கைத் தேடிப் பார்க்கும் வழக்கம் அங்கே இருக்கவில்லை. ஆனால், அந்த அறியாமை எத்தனை காலத்துக்குச் செல்லுபடியாகும் என்பதே விஷயம். 1983-லேயே கல்கத்தாவில், தோல் வைத்திய நிபுணர் கே. சி. சாஹா, மேற்கு வங்காளக் கிராமவாசிகளின் நோய்க்குக் கிணற்று நீரின் ஆர்சனிக்கே காரணம் என்று கண்டறிந்திருந்தார். 1947-இல் கிழித்த எல்லைக்கோடு மண்ணுக்கு அடியில் ஓடவில்லை. அப்படியிருந்தும் கிழக்கே சாப்பாய் நவாப்கஞ்சில் அதே நஞ்சு உறுதிப்பட 1993 வரை ஆயிற்று. கொடுத்தவர்மேல் குற்றம் சுமத்துவதானால், அது முதல் கிணற்றின்மேல் விழாது. இந்தப் பத்து வருஷத்தின்மேல்தான் விழும்.

இடையில், 1992-இல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகம் அந்நாட்டுக் கிணற்று நீரைப் பல தாதுக்களுக்காகப் பரிசோதித்து அறிக்கை அளித்தபோதும் ஆர்சனிக்கைத் தேடவில்லை. பாதிக்கப்பட்ட ஒருவர் லண்டனில் தொடுத்த வழக்கை, ஆய்வு செய்தவருக்கும் நீர் குடித்தவருக்கும் இடையே பொறுப்பை விளைவிக்கத்தக்க நெருங்கிய சம்பந்தம் இல்லையென்று கூறிப் பிரபுக்கள் சபை 2006-இல் தள்ளிவிட்டது. சட்டம் எங்கேயாவது கோடு போட்டு நின்றாக வேண்டும். அதைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் கிணற்றைத் தோண்டிக் கொடுத்தவருக்கும் அதில் குடித்தவருக்கும் சம்பந்தம் இல்லையென்று எந்த நியாயாதிபதியும் சொல்ல முடியாது. கொடுத்த அன்றே அது ஏற்பட்டுவிட்டது, குடிப்பவர் இருக்கும் வரை அது அறுவதுமில்லை.

பிற்பாடு சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, நல்லவற்றுக்குப் பச்சையும் நஞ்சுள்ளவற்றுக்குச் சிவப்பும் பூசினார்கள். ஏறக்குறைய 14 லட்சம் சிவப்பாயின. குடிக்காதே என்று எச்சரித்தவர், வேறெதைக் குடிப்பது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவரல்லவா? பழைய குளத்துக்குத் திரும்பினால் பழைய பேதி காத்திருக்கிறது. அயல்வீட்டு முற்றத்துப் பச்சைப் பம்புக்குப் போய்வருவதோ கோஷா அனுஷ்டிக்கும் குடும்பத்துப் பெண்ணுக்கு எளிதன்று. 150 மீட்டருக்கும் கீழே இறங்கும் ஆழ்குழாய்க் கிணற்றில் பெரும்பாலும் நல்ல நீர் உண்டென்றாலும், அரசாங்கச் செலவில் இறங்கிய அத்தகைய கிணறுகளிற் பல செல்வாக்குள்ளவர் வாசலிலேயே போய் நின்றன. மற்ற முற்றங்களில், பூசிய சிவப்பும் சில மழைக்காலங்களில் உரிந்துபோய், பம்பு பழையபடி இரும்பின் நிறத்துக்கே வந்துவிடுகிறது.