மதம் என்ற கட்டம்

சானமாவில் காட்டை ஒட்டிய ஓட்டு வீடொன்றில் ஞாயிறு காலை ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டு தெலுங்கில், பிரசங்கம் தமிழில், சாட்சி சொல்பவர் கன்னடத்திலும் சொல்லலாம். பன்னார்கட்டா பக்கமிருந்து யானைகள் இறங்கும் மாதங்களில் மாலைக் கூட்டம் மட்டும் கிடையாது. நடத்துவது ஒரு அக்கா. நோயாளிகளைப் பார்ப்பதும் சாவு வீட்டில் இரவெல்லாம் இருப்பதும் அவர்தான். திருவிருந்து கொடுக்க மட்டும் மாதம் ஒருமுறை ஓசூரிலிருந்து ஐயர் வருவார். சாதியை ஒழிக்க வந்த சபையில் போதகருக்கு ‘ஐயர்’ என்று பெயர் வந்ததை நினைத்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன்.

தென் மாவட்டங்களிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்து விடுதியில் தங்கியிருக்கும் பெண்களும் வருவார்கள். புதிதாக வந்தவளிடம் முதல் கேள்வி, “எந்த ஊரும்மா?” ஊர் சொன்னால் அடுத்தது, “அங்க எந்தப் பக்கம்?” இரண்டாவது கேள்விக்குத் தெருவின் பெயர்தான் பதில்.

அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த கொரிய, சீன வம்சாவளிக் கிறிஸ்தவர்களிடமும் “உண்மையில் எந்த ஊர்?” என்று கேட்பார்களாம். அங்கே முகத்தைப் பார்த்துக் கேட்கிறார்கள். இங்கே முகம் காட்டிக்கொடுக்காது, அதனால் தெருவைக் கேட்கிறார்கள். கேட்பவளும் நம்மைப் போலவே கறுத்தவள்.

இது வெறும் வம்பு அல்ல. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித்துகளைத் தனியே பிரித்துச் சுவர் எழுப்பினார்கள். 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப்பங்கு கேட்டதையொட்டி எழுந்த மோதலில் போலீஸ் சுட்டு இருவர் செத்தார்கள். கன்னியர் மடத்தை விட்டு வெளியேறிய பாமா, 1992இல் ‘கருக்கு’ எழுதினார். தென்னிந்தியத் திருச்சபைக்கு முதல் பெண் பேராயராக புஷ்பா லலிதா வந்தது 2013இல்தான். சபை உருவானது 1947இல்.

சபைக்குள் சாதி உண்டு. சட்டம் மட்டும் இல்லை என்கிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள்தான் பட்டியல் சாதியினர். 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும்தான். 2024 நவம்பரில், ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குப் போய்வந்த புதுச்சேரிப் பெண் ஒருவர், தான் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கில், அது அரசியலமைப்பை ஏமாற்றுவது என்றது உச்ச நீதிமன்றம்.

ஏமாற்றுதான் என்றால், யாரை யார் ஏமாற்றியது? தெருவில் அவளைத் தள்ளிவைத்தவர்கள் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டுத் தள்ளிவைக்கவில்லை. பொய் சொல்வது பாவம் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் வாய் திறந்து உண்மை சொன்னால் வேலை போகும், மறைத்தால் விசுவாசம் போகும் என்ற நிலையில் ஒருத்தியை நிறுத்தியவர்களை விட்டுவிட்டு, அவளை மட்டும் விசாரிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பெண்ணுக்கு இது இன்னும் கடினம். ஆலயத்துக்குப் போகிறவளும் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் படிவத்தோடு அலைகிறவளும் அவளே. சபையில் ஆண்கள் பலர் ஞாயிற்றுக்கிழமை தூங்கிவிடுகிறார்கள். அவர்கள் மதத்தை யாரும் சோதிப்பதில்லை.

போன மாதம் அந்த அக்கா தன் மகளின் கல்லூரி விண்ணப்பத்தோடு என்னிடம் வந்தார். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது, மதம் தவிர.

“நீயே எழுதும்மா, என் கையால வேண்டாம்” என்றார்.

பேனாவை வாங்கினேன். பிறகு, “அவளையே கேப்போம்க்கா” என்று சொல்லி அவள் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை இருவரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்.