காந்தத்தின் முன் இரும்பு

காந்தத் துகளுக்குச் சிலிக்கா பூசி, பூச்சிலுள்ள நுண்துளைகளில் மருந்தை ஏற்றி உடலுக்குள் அனுப்பும் முறையை ஆய்வகங்கள் செப்பனிட்டு வருகின்றன. துகளின் நடுவே இருப்பது மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. சுமார் 20 நானோமீட்டருக்குக் கீழே சிறுத்ததும் அதன் இயல்பு மாறிவிடுகிறது: வெளியே காந்தம் உள்ளவரை அதுவும் காந்தம், எடுத்துவிட்டால் வெறும் தூள். மருத்துவத்துக்கு வேண்டியதும் அதுவே. காந்தம் மிச்சமிருந்தால் துகள்கள் திரண்டு நுண்குழாய்களை அடைத்துவிடும். சிலிக்கா இரும்பை அரிப்பிலிருந்து காக்கிறது. 2, 3 நானோமீட்டர் அகலத் துளைகளில் மருந்து தங்குகிறது.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார், சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரத்தில் இதே காந்தத்தையும் இரும்பையும் உவமை காட்டினார். உயிரால்தான் பொறிகள் அறிகின்றன. ஆனால் உயிரை அவை அறிவதில்லை. உயிர்களும் அப்படியே இறைவனால் அறிகின்றன. எல்லாவற்றையும் இயக்குகிறவன் தானும் மாறிவிட மாட்டானா என்ற தடைக்கு உவமையே விடை: நகர்வது இரும்பு, காந்தம் இருந்தபடி இருக்கிறது. இறைவனைக் கொள்ளாத சாங்கியரும் இதே உவமையை எடுத்தாண்டார்கள் என்பது வேடிக்கை. காந்தம் போன பிறகும் இரும்பு கொஞ்சம் காந்தத்தை வைத்துக்கொண்டால் உவமை சற்று இடறும். ஆய்வகத் துகளுக்கு அந்தக் குறை இல்லை.

அத்திப்பட்டில் உவமைக்கு வேறொரு சோதனை காத்திருக்கிறது. அங்குள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலிலும் இதே இரண்டு பொருள்கள் உண்டு: சிலிக்கா மிகுந்த கண்ணாடியும், நிலக்கரியிலிருந்த இரும்பு உருகித் திரண்ட மேக்னடைட் மணிகளும். காந்தம் காட்டினால் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டு வரும். சாம்பலைக் கொண்டுசெல்லும் குழாய்கள் கசிந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த சாம்பல், இறாலும் மீனும் வளர்ந்த நீரைத் தூர்த்தது. காற்றில் பறப்பது நுரையீரலில் இறங்குகிறது.

பொருள் ஒன்று, பயன் எதிரெதிர். மாயையிலிருந்து தோன்றும் உலகப் பொருள்கள் சடம், அறிவற்றவை. சடத்துக்குப் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை என்று சைவ சித்தாந்தம் தடுமாறாமல் சொல்லும். உவமையை இங்கே இழுத்தால்தான் சிக்கல். உயிரும் வெறும் இரும்பென்றால், கசிவைக் கண்டும் காணாதிருந்தவர்களும் இழுபட்டவர்களே என்றாகிவிடும். சித்தாந்தம் அந்த வழியை அடைத்திருக்கிறது: இச்சை, ஞானம், கிரியை மூன்றும் உயிருக்கு உண்டு, இறைவன் அவற்றை விளங்கச் செய்கிறான், வினை உயிரையே சேரும். ஐந்தாம் சூத்திரத்து இரும்பு, இறைவனின் சந்நிதியில் உயிர் இயங்குவதை விளக்க வந்தது. பொறுப்பை அதன் தலையில் ஏற்ற முடியாது.

மருத்துவத் துகளைச் செய்பவர்கள், அது உடலைவிட்டு நீங்கும் வழியையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். ஈரலும் மண்ணீரலும் அதைப் பிடித்துக்கொள்ளும்; இரும்பு உடலின் கையிருப்பில் கலக்கும்; சிலிக்கா மெல்லக் கரைந்து சிறுநீரோடு போகும். கழிமுகத்துச் சாம்பல் அப்படித் தானாகப் போகாது. ஆள்கள்தாம் அள்ளி அகற்ற வேண்டும்.